பாசி படிந்த தகடுகள்

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வளர்த்தவை பாறையில் இருக்கின்றன. சொல்ல வேண்டியது அதைத்தான்.

கடல் முள்ளெலிக் குஞ்சு வளர்க்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. கடல் முள்ளெலி நட்சத்திர மீனுக்குப் பங்காளி. உடம்பெல்லாம் முள், அடிப்பக்கம் வாய். பவளப்பாறையில் படரும் பாசியை மேய்வதுதான் அதன் பிழைப்பு. நோய் வந்து அவை கூண்டோடு அழிந்த பிறகு பாசி பாறையை மூடிக்கொண்டது. புதுப் பவளத்துக்குக் கால் வைக்க இடமில்லை.

முட்டையிலிருந்து வந்த குஞ்சு கண்ணாடித் தூசிபோல நீந்தும். சில வாரங்களில் எதிலாவது ஒட்டி, முள்ளெலியாக மாறவேண்டும். அவளுடைய தொட்டியில் அவை ஒட்டவே இல்லை. நீந்தி நீந்தியே செத்தன. இந்த முறையும் தவறினால் கூடத்தைப் பூட்டுவதாகப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

அவளோ, குஞ்சுகள் ஒட்டுவதற்கென்று தொங்கவிடும் தகடுகளைத் தேய் தேயென்று தேய்த்தாள். பம்பு பார்க்கும் கொழுந்தன் சும்மா விடமாட்டான்.

"அண்ணி, இந்தத் தகட்டுல முகம் பாத்து சவரமே பண்ணிக்கலாம்."

"முதல்ல உன் வடிகால் குழியைக் கழுவு. நாறுது."

"கம்பி மூடி துருப்பிடிச்சிருக்கு அண்ணி, தொறக்க வரல."

"தள்ளு."

கடப்பாறையால் நெம்பினாள். தொட்டித் தண்ணீர் வந்து விழும் குழி அது. சுவரெல்லாம் வழவழவென்று பாசி. பிரஷ்ஷை வைக்கப்போன கை அப்படியே நின்றது. பாசி நடுவே குண்டூசித் தலை அளவில் கரும்புள்ளிகள். நகர்ந்தன. முள் இருந்தது.

வடிகட்டிக்குத் தப்பி வந்த குஞ்சுகள்.

"அட, நான் ஒரு மடச்சி! சாப்பாடு இருக்கிற எடத்துலதானே குடியேறும்? சோத்தையெல்லாம் கழுவிக் கொட்டிட்டு வா வான்னா எது வரும்?"

"அப்போ இத்தனை நாளா..."

"வாயை மூடிட்டு தகட்டைக் கொண்டா."

தகடுகளைக் குழிக்குள் இறக்கி, பாசி வழுக்கு ஏறும்வரை ஊறவிட்டாள். அப்படியே தொட்டியில் தொங்கவிட்டாள். குஞ்சுகள் ஒட்டின. ஒவ்வொன்றும் முதலில் ஐந்து குழாய்க் கால்களை நீட்டிப் பிடித்துக்கொண்டது. பொறுப்பாளர் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பூட்டு வாங்கிட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

"வாங்காதீங்க."

வளர்ந்தவற்றைப் படகில் கொண்டுபோய் அவளே பாறையில் விட்டாள். அடுத்த பருவத்தில் மூழ்கிப் பார்த்தாள். மேய்ந்த இடமெல்லாம் பாறை வெளுத்திருந்தது. பவளத்துக்குத்தான் சுத்தம் வேண்டும். அந்த வேலையை முள்ளெலிகள் செய்திருந்தன. வெளுத்த இடமொன்றில் நகமளவு புதுப் பவளம்.

மேலே வந்து, வாயில் கவ்வியிருந்த ஸ்நார்க்கல் குழாயைப் பிடுங்கிவிட்டு, படகிலிருந்த கொழுந்தனைப் பார்த்துக் கத்தினாள்.

"தம்பி! வந்துடுச்சுடா!"