மண்ணீரல் என்று சொன்னவர்

எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றே அழைத்த மொழிபெயர்ப்பாளர் இபுறாகீம், வெல்லவாயாவில் காய்ச்சலில் இறந்துபோன செய்தியைப் பசறையில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனர் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. "கடைசி வரைக்கும் இடது விலாவப் பிடிச்சுக்கிட்டே கிடந்தாருங்க," என்றார்.

பதுளை நீதிமன்றத்தில் அவரும், தமிழ் வாக்குமூலம் எழுதும் குமாஸ்தாவாகிய நானும் பதினொரு வருடம் ஒரே மேசையில் இருந்தோம். அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாட்சி அழுதால் அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். "ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா ரெண்டையும் சொல்லிரணும். எது வேணும்னு நாம முடிவு பண்ணக் கூடாது," என்பார்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு தொழிலாளி இறந்துபோன விசாரணை வந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உதைத்தார் என்று அவன் மனைவி அங்கம்மாள் சொல்லியிருந்தாள். விசாரணைக்கு முதல் நாள் டாக்டரின் அறிக்கை வந்தபோது, நானா அதில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

"ஸ்ப்ளீன். தமிழ்ல மண்ணீரல். தோட்டத்துல காய்ச்சக் கட்டின்னுதான் சொல்வாங்க. மண்ணு, ஈரல்னு பிரிச்சுப் பாத்து அந்தப் பொம்பள என்ன நினைப்பாளோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்கிலீஸ்ல இதே சொல்லுக்கு ஆங்காரம்னும் அர்த்தம் இருக்கு. ஸ்ப்ளீனால செத்தான்னா, யாரோட ஸ்ப்ளீன்னு கேக்கலாம்." எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கதவோரம் நின்று அங்கம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சலால் வீங்கியிருந்த மண்ணீரல் வெடித்ததுதான் சாவுக்குக் காரணம் என்றார் டாக்டர். நானா அதைத் தமிழில் சொன்னார்.

"மண்ணீரலா? அப்படீன்னா என்னாங்க?" என்றாள் அங்கம்மாள்.

"காய்ச்சக் கட்டி இருக்குமே தாயி, இடது விலாவுக்குக் கீழ. அதுதான்."

அவள் யோசித்தாள். "வீங்கினது காய்ச்சலால, சரிங்க. வெடிச்சது எதனால?"

நானா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அது சாட்சியம் அல்ல, விட்டுவிடுங்கள் என்றார் நீதவான். நானா இன்னொரு முறை, முன்னைவிட நிதானமாகச் சொன்னார். நான் பேனாவை மைக்கூட்டிலேயே விட்டுவிட்டேன்.

நோயினால் மரணம் என்று முடிவானது. கங்காணி அங்கம்மாளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். மறு வாரம் நானா அந்தத் தோட்டத்துக்கே போய் அவளைப் பற்றி விசாரித்தார். "அப்படி யாரும் இங்க இல்லீங்க," என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வாசலுக்கு வாசல் ஒரே பதில். சொன்னவர்களில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். திரும்பி வந்தபோது மேசையில் மாற்றல் உத்தரவு கிடந்தது. வெல்லவாயா. அது காய்ச்சல் பூமி என்று அறியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை.

புறப்பட்ட அன்று, "அவ கேட்டத எழுதினீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"பயந்துட்டீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "எனக்கும் பயம்தான். ரெண்டாவது தடவ சொல்றப்ப காலு ரெண்டும் நடுங்கிச்சு."

அவருக்குப் பயமே கிடையாது என்று அடக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கால் நடுங்க நடுங்கச் சொன்ன அந்த இரண்டாவது தடவையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கம்மாள் எங்கே என்று கேட்டு, போன மாதம் கச்சேரிக்கு, பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு, ஒரு மனு அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்று காலை இன்னொன்று எழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறேன்.