யானை பார்க்கப் போய் யானை கலைத்த கதை

பேரப்பிள்ளைகளுக்கு யானை காட்டுவதாக வாக்குக் கொடுத்து, இன்று பொத்துவிலுக்கு அப்பாலுள்ள தேசியப் பூங்காவுக்குப் போனோம்.

முதலில் கண்டது ஜீப் கூட்டம்தான். எண்ணினேன். எங்களோடு சேர்த்து முப்பத்தொன்று. எல்லாம் ஒரே குளக்கரையில் நின்றன.

"சத்தம் போடாதீங்க ஹாஜியார், இப்ப வரும்," என்றார் சாரதி.

இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். பேரன் தூங்கிவிட்டான். பக்கத்து ஜீப்பில் ஒருவர் முழங்கை நீளக் கமெராவோடு மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு கொம்பன் வந்தது.

ஐந்து வயதுப் பேத்தி எழும்பினாள். சாப்பாட்டுச் சட்டியின் மூடியைக் கரண்டியால் அடித்து, "ஹூ! ஹூ! போ!" என்று கத்தினாள்.

யானைக்கும் அந்தப் பாஷை பழக்கம் போலும். திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

முப்பது ஜீப்புகளும் எங்களைப் பார்த்தன. இன்று அவர்களுக்குப் பார்க்கக் கிடைத்த விலங்குகள் நாங்கள்தான்.

"என்ன புள்ள செஞ்சாய்?" என்றாள் மகள்.

"வாப்பா வயல்ல யானைய இப்புடித்தானே கலைக்கிற, உம்மா?"

நிந்தவூரில் வேளாண்மை செய்யும் மருமகன், பெருமையை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரும்போகத்துக்கு வயற்காவல் தேவைப்படுவோர் கீழே எழுதுங்கள். சம்பளம் ஒரு ஐஸ்பழம்.