எண்ணுவதற்கு முன் வந்த கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மே தினம், காலை பதினொன்று பத்து. திருப்போரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கிராம சபை நடந்த கூடத்துக்குள் நுழைந்தேன். முதலில் பார்த்தது வாசல் மேஜையில் இருந்த வருகைப் பதிவு நோட்டை. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டா அதையே சம்மதம்னுவீங்க. பேசட்டும், அப்பால போடறேன்."

ஊரைத் திருப்போரூர் பேரூராட்சியோடு சேர்க்கலாமா என்பதுதான் அன்றைய தீர்மானம். என் வீடு படூரில். பழைய நிருபர் பழக்கம், வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

சேர்க்க வேண்டும் என்று பேச வந்தவர் உள்ளூர் ஒன்றியக் கவுன்சிலர். ஒரு புள்ளிவிவரமும் சொல்லவில்லை. 'வரி' என்ற சொல்லே வரவில்லை. கேள்விகள் மட்டும்.

"மழை பேஞ்சா தெருவுல செருப்பு போட்டுகினு நடக்க முடியுதா?"

"முடியல!"

"லைட்டு எரியுதா?"

"இல்ல!"

"திருப்போரூர்ல எரியுது. நமக்கு இன்னா கொறச்சல்?"

கேள்விகள் குறுகக் குறுக, பதில் கூட்டத்தின் வாயில் தயாராக இருந்தது. நான்காவது கேள்விக்கு நானும் முணுமுணுத்தேன். "அப்போ சேரலாமா?" என்றதும் கைகள் எழுந்தன. என் கையும்தான்.

"சார், உங்க ஓட்டு படூர்ல. கைய எறக்குங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். சுற்றிலும் சிரிப்பு.

எண்ணத் தொடங்கும் முன் அந்தப் பெண் எழுந்தார். "அண்ணாத்த, நல்லாத்தான் பேசற. நூறு நாள் வேலை இருக்குமா, அத்த சொல்லு. முட்டி வலின்னு அபார்ட்மெண்டுல என்னை வேலைக்கு வச்சுக்க மாட்டேன்றாங்க. எனக்கு அது ஒண்ணுதான்."

"உக்காரும்மா, பசிக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

'அரசு நல்ல முடிவு எடுக்கும்' என்பார் கவுன்சிலர் என்று எதிர்பார்த்தேன். இருபது வருடமாக நான் குறிப்பெடுத்து வந்த வாக்கியம் அது. அவர் மைக்கை இறக்கினார்.

"இருக்காதுக்கா. டவுனோட சேந்தா அந்த வேலை நின்னுடும்."

அத்தனை நேரம் அவர் பேசியதிலேயே எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டது அதைத்தான். எத்தனையோ பேச்சாளர்களை வியந்திருக்கிறேன். கைகள் தன் பக்கம் எழுந்துவிட்ட பிறகு இப்படிப் பதில் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

சேரலாம் என்பவர்களை மறுபடி கை தூக்கச் சொன்னார்கள். கவுன்சிலர் தன் கையைத் தூக்கினார். தீர்மானம் பதினோரு கை குறைந்து தோற்றது.