மூன்று டிவியில் ஒரு கண்டக்டர்

எண்பதுகளில் நான் கல்யாணங்களை வீடியோ எடுத்து, வெட்டிச் சேர்த்துக் கொடுத்துவந்தேன். ஒருமுறை மணப்பெண்ணின் முகம் பச்சையாக விழுந்துவிட்டது. அவள் அப்பா கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு கேசட் அப்படித் திரும்பினால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். நிறம் திருத்தும்போது பார்த்துக்கொள்ள நம்பகமான டிவி தேடி ஈப்போ டவுனில் ஒரு கடைக்குப் போனேன்.

கடை முதலாளியான தவுக்கே ஒரு கேமராவை மூன்று டிவிகளில் இணைத்து, என்னை முன்னால் நிற்கச் சொன்னார். எனக்குக் கூச்சம். மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டார். காக்கிச் சட்டை, காதில் பென்சில், நல்ல கறுப்பு. வாய் திறக்கும் முன் காலரை இழுத்துவிட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு.

முதல் டிவியில் அவர் ரோஸ் நிறம். அடுத்ததில் மஞ்சள். மூன்றாவதில் அசல் அவரே.

காலரை இழுத்துவிட்டு, “எது அண்ணே என்னை மாதிரி இருக்கு?” என்றார்.

கறுப்பான முகத்தைக் காட்ட எனக்குக் கை வரவில்லை. ரோஸைக் காட்டினேன்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மறுபடியும் காலரை இழுத்துவிட்டார்.

“இத வாங்கிடாதீங்க லா. இந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போனா, யாரு வேணும்னு கேட்டுட்டு எம் பொண்டாட்டி கதவச் சாத்திடுவா.”

பிறகு மூன்றாவதைத் தட்டினார். “தெனம் என் வீட்டுல சோறு திங்கிறது இந்த ஆளுதான்.”

அதையே வாங்கினேன். கேசட் எதுவும் அப்புறம் திரும்பி வரவில்லை.

பின்னாளில் இரண்டு தடவை அவருடைய பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டாரா, தெரியவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.