மருமகன் அடைத்த யன்னல்

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் வெளியேற வேண்டும். மருமகன் பெட்டியோடு வருவான். நாம் பாயோடு வளவின் மூலையிலுள்ள குடிசைக்குப் போவோம். நல்ல வழக்கம் என்று இதைப் புகழ்கிறவர்கள் தங்கள் கையால் ஒரு சுவரும் எழுப்பியிருக்க மாட்டார்கள்.

நான் மேசன். தன்னாமுனை வரை போய் ஊராருக்கெல்லாம் வீடு கட்டியவன். மனைவியோடு எனக்கு வந்தது மண்சுவர் வீடு. அதைக் கல்வீடாக்கப் பதினைந்து வருடம் பிடித்தது. மேற்குச் சுவரில் வாவியைப் பார்க்க ஒரு பெரிய யன்னல் வைத்தேன். வேலை முடிந்து அதன் கீழே படுத்தால் முதுகுக்குக் காற்று வரும். எனக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான். குடிசைக்குப் போன பிறகும் பகலில் வந்து அங்கேதான் படுப்பேன்.

மகள் கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம் மருமகன் அந்த யன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டான்.

"நுளம்பு வந்து கடிக்குது மாமா. ஊரெல்லாம் காய்ச்சல். உங்கட மகள்தான் அடைக்கச் சொன்னா."

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடிசைக்குப் போய்க் கல் பெயர்க்கும் அலவாங்கை எடுத்தேன். அடைப்பை உடைத்தால் அதற்குப் பிறகு மகள் வீட்டுப் படி ஏற முடியாது. தெரிந்துதான் எடுத்தேன்.

மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அலவாங்கோட எங்க போறீங்க?"

"என்ட யன்னலத் திறக்க."

"உங்கட யன்னலா? அந்த இடத்தில முந்தி என்ன நிண்ட எண்டு ஞாபகம் இரிக்கா?"

அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எங்கட அப்பா நெல்லுச் சேத்து வைக்கிற பட்டறை. நம்மட கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாள் புடுங்கி எறிஞ்சீங்க."

"உன்ட அப்பா ஒண்டும் சொல்லல்லயே."

"உங்களுக்குச் சொல்லல்ல. எங்கட அம்மாக்குச் சாகுமட்டும் சொன்னவர். நீங்களும் எனக்குச் சொல்லுங்க, கேக்கிறன். முதல்ல அந்த இரும்பக் கீழ வைங்க."

மாமனார் இதே குடிசையில் ஆறு வருடம் கிடந்தார். காலையில் என்னைக் கண்டால் சிரித்து, "சாப்பிட்டயா மகன்?" என்பார். பக்குவப்பட்ட மனிதர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர் என்று ஊரும் நானும் பேசிக்கொண்டோம். அந்த ஆறு வருடமும் அவர் என்னைச் சபித்துக்கொண்டே சிரித்திருக்கிறார். கோவிலில் பிரசங்கம் செய்கிறவர்கள் மன அமைதி என்று சொல்வது இதைத்தானோ, எனக்குத் தெரியாது. என்னால் அப்படிச் சிரிக்க முடியாது.

அலவாங்கை வைத்தேன். கோபம் போய்விடவில்லை. அவருக்கு நான் செய்ததை இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் வைத்தேன்.

அடுத்த நாள் மேசன் கரண்டியோடு போனேன். மருமகன் தூக்குக்குண்டு பிடிக்காமல் கல் அடுக்கியிருந்தான். சுவர் வயிறு தள்ளி நின்றது. அடைப்பதென்றாலும் ஒழுங்காக அடைக்க வேண்டாமா? எல்லாக் கல்லையும் எடுத்தேன். கொஞ்ச நேரம் வாவி தெரிந்தது. பிறகு நானே நேராக வைத்துக் கட்டிப் பூசினேன்.

கரண்டி கையில் இருந்த மட்டும் கோபம் வரவில்லை. கழுவி வைத்ததும் வந்துவிட்டது.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தேன்.