பத்தில் ஒன்பது

நல்லையா மாமா பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எழுபத்தாறில் திரும்பிய நான் அவருடைய குவாட்டர்ஸில்தான் தங்கினேன். அவர் சட்டையில் மடிப்புக் கலையாது. வெற்றிலைச் சாற்றை மட்டும் யன்னல் வழியே ரோஜாச்செடிமேல் துப்புவார்.

தோட்டத்தில் இருந்த ஒரே வண்டி கொழுந்து லொறி. நான் வந்த புதிதில், லயங்களில் குடியிருந்த தொழிலாளர்கள் ஆபத்து அவசரத்துக்கு அதை விடவேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்த அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மாமாவே சொன்னார்: "நோயின்னாலும் பிரசவம்னாலும், கொழுந்த எறக்கி வச்சிட்டாவது லொறி வரும்." ஆபீசில், தோட்ட நிர்வாகியான துரையோடு அவர் பேசிக்கொண்டது வேறு. பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேருக்குப் போவதே அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட இலக்கு. அது லயத்துக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் ரெங்கம்மாவுக்கு வலி கண்டது. அவள் கணவன் சின்னராசா நனைந்தபடி வாசலில் வந்து நின்றான். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தலப்புள்ளைங்க. கால் முன்னாடி வருதுன்னு மருத்துவச்சி சொல்லுது."

"கொழுந்து பெக்டரிக்குப் போயி வரட்டும். பாப்போம்."

அவன் ஓடினான்.

"வரும்னுதானே சொன்னீங்க மாமா?" என்றேன்.

"இந்த மாசம் ஒம்பது போயாச்சு. ஒன்னு விட்டா தொர கேக்க மாட்டாரு." விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

ரெங்கம்மாவை நாற்காலியில் கட்டி, பசறை றோட்டுவரை தூக்கிப் போனார்கள். பதுளை பஸ்ஸில் பிள்ளை இறந்தே பிறந்தது.

மறுநாள் பெரட்டில் மாமா கூச்சமில்லாமல் விளக்கினார். "பத்துல ஒம்பது. வேற எந்தத் தோட்டத்துல இப்படி ஓடுது, சொல்லுங்க?"

ரெங்கம்மாவின் தாய் இராக்கம்மா முன்னால் வந்தாள். "அந்தப் பத்தாவது ஆளு எம் மகதான்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க கிளாக்கரய்யா. வலி வர முன்னாடியே தூக்கிக்கிட்டு கெளம்பியிருப்போம்."

மாமா சிரித்தார். "துக்கத்துல பேசுது, விடுங்க" என்றார்.

சனிக்கிழமை ரெங்கம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர லொறியை அனுப்பினார். பின்தட்டில் கொழுந்துச் சாக்குகளின்மேல் வெறுங்கையோடு உட்கார்ந்து வந்தாள். நோயாளிக்குப் போன பயணம் என்று அதையும் சேர்த்துக்கொண்டு, இந்த மாதம் பத்துக்குப் பத்து என்று மாமா துரையிடம் சொன்னார்.