அமலாவுக்குக் கீரை ஆகாது

ஆரணிக் கோட்டை மைதானத்துக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஜீவானந்தத்தின் பெயர் தெரியாது. சூப்புக்காரர் என்றால்தான் தெரியும். ஐந்தரை மணிக்கெல்லாம் அவருடைய தள்ளுவண்டி வேப்பமரத்தடியில் வந்து நின்றுவிடும். வண்டியில் மூன்று எவர்சில்வர் அண்டாக்கள். ஒன்றில் முடக்கத்தான், ஒன்றில் வாழைத்தண்டு. மூன்றாவதில் என்ன என்பது முந்தின நாள் சேவூர் வேலியோரத்தில் என்ன பறித்தார் என்பதைப் பொறுத்தது. முருங்கைக்கீரை இருக்கும், சில நாள் தூதுவளை இருக்கும். மூடியைத் திறந்தால் இடித்த மிளகும் சீரகமும் மைதானத்தின் பாதி தூரத்துக்கு மணக்கும்.

தறியில் உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்ட நெசவாளிகள்தான் அவருக்கு முதல் வாடிக்கை. பிறகு வாத்தியார்கள் வந்தார்கள், பேங்க்காரர்கள் வந்தார்கள். ஜீவானந்தம் சும்மா ஊற்றிக் கொடுக்கிற ஆள் இல்லை. டம்ளரை நீட்டும்போதே, "கால்ல வாயு ஏறிக்கீது, நாலு நாளு வுடாம குடிங்க", "உங்களுக்கு உடம்பு சூடுங்க, வாழைத்தண்டு எடுத்துக்கோங்க" என்று ஒரு யோசனையும் சேர்த்தே கொடுப்பார். யாரிடமும் படித்தது இல்லை. இருபத்தைந்து வருடம் கட்டட வேலை செய்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருடம் படுத்துக் கிடந்தார். அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார், ரேடியோவில் சொன்னதையெல்லாம் கேட்டார், இலைகளைப் பறித்துவரச் சொல்லித் தின்றும் பார்த்தார். எழுந்து நடந்ததும் இந்த வண்டியைப் போட்டார். ஆபரேஷனில் வைத்த பிளேட்டுக்கு எவ்வளவு பங்கு, கீரைக்கு எவ்வளவு பங்கு என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை. கீரை யாருக்கும் கெடுதல் செய்யாது என்பது மட்டும் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அவர் மனைவி அமலா வீட்டிலேயே தறிக்காரர்களுக்காகப் பட்டு நூலைக் குச்சியில் தார் சுற்றுகிறவள். பேச்சு கொஞ்சம், சிரிப்பு அதிகம். போன வருடம் ஆடி மாதம் அவள் கால்கள் வீங்க ஆரம்பித்தன. செருப்பு நுழையவில்லை. ஜீவானந்தம் பார்த்தார், "நீர் கோத்துக்கினு இருக்குது" என்றார், வைத்தியத்தில் இறங்கிவிட்டார். காலையில் வாழைத்தண்டுச் சாறு. மத்தியானம் மூக்கிரட்டைக் கீரைக் கூட்டு. சாயங்காலம் இளநீர். மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. வீக்கம் ஒரு வாரம் வடிவது போலிருக்கும், அடுத்த வாரம் திரும்பிவிடும். பிறகு காலையில் குமட்டல் வந்தது. கைகால் பஞ்சு மாதிரி ஆனது. நூல் கண்டைப் பிடிக்கவே அவளுக்கு விரல் வரவில்லை.

ஒரே மகள் உதயாவைக் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகமும் உப்பியிருந்தது.

"யப்பா, இன்னாத்துக்கு இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சிகினு வருதும்மா."

"எங்க கொறைஞ்சுது? கண்ணு இருக்குதா இல்லியா உனக்கு?" என்றவள் அழுதுவிட்டாள். மறுநாள் காலையிலேயே மூவரும் வேலூர் பஸ் ஏறினார்கள்.

வேலூரில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். காகிதங்களைப் பார்த்துக்கொண்டே, "இவங்க தினமும் என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டார். ஜீவானந்தத்துக்கு இது தன் பாடம். நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சாறு, கூட்டு, முருங்கை சூப், இளநீர், வாழைப்பழம். சொல்லச் சொல்ல டாக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க மேல தப்பு சொல்லலைங்க. இவங்களுக்குப் பல வருஷமா பிபி இருந்திருக்கு, யாருமே பார்க்கலை. அதுல ரெண்டு கிட்னியும் கெட்டுப்போயிருக்கு. கீரை நல்லதுதான். ஆனா அதுல இருக்கற பொட்டாசியத்தை வெளிய தள்ள இவங்க கிட்னிக்கு சக்தி இல்லை. அது ரத்தத்துலயே தங்கிடுது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா நெஞ்சு நின்னுருக்கும்."

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அமலாவைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. அன்றே அவளை வார்டில் சேர்த்தார்கள். ஆறு நாள் இருந்தார்கள். ஏறியிருந்த பொட்டாசியத்தை மருந்து கொடுத்து இறக்கினார்கள். டயாலிசிஸ் இப்போதைக்குத் தேவையில்லை, ஆனால் மாத்திரையும் சாப்பாடும் ஒரு நாள் தப்பினாலும் தேவைப்படும் என்று சொன்னார்கள்.

கிளம்புகிற அன்று சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற தீபா மேடத்திடம் அனுப்பினார்கள். சின்னப் பெண், உதயா வயதுதான். ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனாள். கீரை எந்த வகையும் வேண்டாம். வாழைத்தண்டு, இளநீர், தக்காளி வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வெல்லம் கூடாது. பருப்பு அளவாக. உப்பு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்னக் கரண்டியைக் காட்டினாள். அந்தக் கரண்டியைப் பார்த்து அமலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப இன்னாத்தைதான் துன்றது மேடம்?"

"நிறைய இருக்கும்மா. சுரைக்காய், புடலங்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ். பொடியா நறுக்கி, நிறையத் தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கீழ ஊத்திடணும். அப்புறம் தாளிக்கணும்."

வெந்த தண்ணீரைக் கொட்டுவதா? ஜீவானந்தம் இத்தனை வருடமாக ஊருக்கு விற்றதே அந்தத் தண்ணீரைத்தான். சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆரணி பஸ்ஸில் ஏறியும் அந்தப் பையையே தடவிக்கொண்டிருந்தார். கண்ணமங்கலம் தாண்டியதும் அமலாதான் அவர் முழங்கையை இடித்தாள்.

"இன்னாங்க, என்னைச் சாவடிக்கணும்னா செஞ்சீங்க? மூஞ்ச ஏன் இப்படி வச்சிகினு வரீங்க?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. ஜீவானந்தம் அடுப்படிக்குள் நுழைந்தார். அண்டா அண்டாவாகச் சூப் காய்ச்சியவருக்கு ஒருவேளைப் பொரியல் வரவில்லை. முதல் நாள் சுரைக்காயை நறுக்கி, வேகவைத்து, வடித்து, அந்தக் கரண்டி உப்பில் பாதியைப் போட்டுக் கொடுத்தார். அமலா ஒரு வாய் வைத்தாள், தட்டை மெல்லத் தள்ளினாள்.

"ஈரத்துணிய மெல்றா மாதிரி கீது."

"நாளைக்கு நல்லா செய்றேன்."

"நாளைக்கு வரைக்கும் பசிக்குமே."

அன்று வெறும் சோற்றில் ரெண்டு சொட்டு எலுமிச்சையும் மிளகுத் தூளும் போட்டுப் பிசைந்து கொடுத்தார். அதைச் சாப்பிட்டாள். அவருக்கு அங்கே ஒரு வழி தெரிந்தது. உப்பு போன இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். அடுத்த வாரம் முழுக்க அதே வேலைதான். புடலங்காயை வடித்துவிட்டுப் பூண்டைத் தட்டிப் போட்டுத் தாளித்தார். கோவைக்காயை மெல்லிசாக அரிந்து, வேகவைத்துப் பிழிந்து, இரும்புச் சட்டியில் ஓரம் சிவக்கும் வரை வறுத்தார். முட்டைக்கோஸுக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும். உப்பை வேகும்போது போடாமல், இறக்கியபின் மேலே தூவினால் நாக்கில் முதலில் படுகிறது, குறைவாகப் போட்டாலும் போட்ட மாதிரி இருக்கிறது. இதை அவர் தானாகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்று தீபா மேடத்துக்கு போன் போட்டுச் சொன்னார். "சூப்பர் சார், இதை நான் மத்தவங்களுக்கும் சொல்றேன்" என்றாள் அவள். அன்றைக்குத்தான் வேலூர் போய் வந்த பிறகு முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

மூன்றாவது வாரம் அமலாவின் தம்பி சின்னதுரை வந்தான். அக்காமேல் உயிர் அவனுக்கு. தேசூர் பக்கம் யாரோ ஒருவர் கொடுத்தார் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கறுப்பாக ஒரு சூரணம் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, ஒரு மண்டலம் துன்னா போதும். கிட்னி புதுசா ஆயிடுமாம். ஆனா இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திடணும்."

ஜீவானந்தம் டப்பாவை வாங்கினார். புதுசா ஆயிடும் என்ற வார்த்தை அவரை இழுத்தது. திறந்து முகர்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், வெளிச்சத்தில் பார்த்தார். எந்த இலையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறவருக்கு அதில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

"இதுல இன்னா இன்னா சேத்துக்கீறாங்க மச்சான்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க மாமா. ரகசியம்."

"அப்ப வேணாம்."

சின்னதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. "நீயே மூலிகை விக்கிற ஆளு. நீயே நம்பலன்னா எப்படி? எங்க அக்காவ ஊசியும் மாத்திரையும் குத்தியே கொல்லப் போறியா?"

"நான் விக்கிறது இன்னான்னு கேட்டா இலையக் காட்டுவேன் மச்சான். தெரிஞ்ச இலையக் குடுத்தே உங்கக்காவ எமன் வாசல் வரைக்கும் கொண்டுபோய் வுட்டேன். தெரியாதத எப்படிக் குடுப்பேன்?"

இருவரும் அமலாவைப் பார்த்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "டப்பாவ எடுத்துகினு போ தொரை. சாப்ட்டுட்டுப் போ" என்றாள். அவன் சாப்பிடாமலே போனான். அதற்குப் பிறகு போன்கூட இல்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் ஜீவானந்தம் நினைத்திருந்தார். எந்த முகத்தோடு இனிமேல் டம்ளரை நீட்டுவது? ஒருநாள் காலை சம்பந்தம் வீடு தேடி வந்தார். முப்பது வருடமாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்கிறவர், முடக்கத்தானுக்குப் பழகியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு கிட்னி நல்லாத்தான் இருக்குது, போன மாசம் டெஸ்ட் எடுத்தேன். எனக்கு ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஜீவானந்தம் அதையே ரெண்டு நாள் யோசித்தார்.

மூன்றாம் நாள் வண்டி மைதானத்துக்குப் போனது. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு போனவர் பழைய ஜீவானந்தம் இல்லை. புதிதாக யாராவது குடிக்க வந்தால் முதலில் கேள்வி: "சக்கரை இருக்குதுங்களா? பிபி? கிட்னி டெஸ்ட் எடுத்துக்கீறீங்களா?" சிறுநீரகத் தொல்லை என்று சொன்னால் ஊற்றமாட்டார். "டாக்டரக் கேட்டுகினு வாங்க" என்பார். யாருக்கும் யோசனை சொல்வதில்லை. கால் வலி போகுமா என்று கேட்டால், "நல்ல சாப்பாடுங்க இது. மருந்துன்னு நெனச்சிகினு குடிக்காதீங்க" என்று முடித்துவிடுவார்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. ஜெயக்குமார் என்று ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி. கால் வீக்கத்துக்கு வாழைத்தண்டு கேட்டார். ஜீவானந்தம் அந்தக் கால்களைப் பார்த்ததும் அண்டாவை மூடிவிட்டார்.

"சார், மொதல்ல ரத்தம் எடுத்துப் பாருங்க சார். ஜல்தி பாருங்க."

"நீ என்னய்யா டாக்டரா? சூப்பு குடுக்கற வேலையப் பாரு. காலங்காத்தால ஒரே பேஜார்."

அவர் கோபத்தோடு போய்விட்டார். அதற்குப் பிறகு வேப்பமரத்துப் பக்கமே வருவதில்லை, எதிர்ப்பக்கமாகவே சுற்றுகிறார். டெஸ்ட் எடுத்தாரா இல்லையா என்று ஜீவானந்தத்துக்கு இன்றுவரை தெரியாது. அவர் நடந்து போகும்போது கால்களைக் கவனிப்பார். கால்சட்டை மறைத்துவிடும்.

வியாபாரம் முன்பு மாதிரி இல்லை. ரெண்டு அண்டாவோடு நிறுத்திக்கொண்டார். எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். வீட்டுக்கு வந்து காய் நறுக்க வேண்டும்.

தை பிறந்து வேலூர் போனபோது டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பொட்டாசியம் இறங்கி ஒழுங்காக நிற்கிறது. கிட்னி திரும்பவில்லை, ஆனால் மேலும் கெடவும் இல்லை. "இப்படியே எத்தனை வருஷம் ஓட்ட முடியுமோ ஓட்டலாம். ஒருநாள் டயாலிசிஸ் வரும்தான். அதை நாம தள்ளிப் போட்டுக்கிட்டே போறோம். சமைக்கறது யாரு?"

"இவருதான்" என்றாள் அமலா. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது அவள் மத்தியானத்தில் ஒரு மணி நேரம் தார் சுற்றுகிறாள்.

வைகாசியில் கலசப்பாக்கத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஜீவானந்தம் டிபன் கேரியரோடு வந்து இறங்கினார். பந்தியில் எல்லாருக்கும் இலையில் பரிமாற, அமலாவின் இலையில் மட்டும் கேரியர் திறந்தது. கோவைக்காய் வறுவல், பீர்க்கங்காய்க் கூட்டு, சோறு. பக்கத்துப் பந்தியில் யாரோ சிரித்தார்கள். அமலா கவலைப்படவில்லை, சாப்பிட்டாள்.

எதிரில் வந்து நின்றது சின்னதுரை. இலையையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அக்காவின் இலையிலிருந்து ஒரு கோவைக்காயை எடுத்து வாயில் போட்டான்.

"உப்பே இல்லியே."

"இன்னொண்ணு துன்னு பாரு" என்றாள் அமலா.

அவன் இன்னொன்று எடுத்தான், அப்புறம் ஒன்று. "நல்லாத்தான் கீது" என்று மாமாவைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, பக்கத்தில் இலை போடச் சொல்லி உட்கார்ந்தான். வெல்லப் பாயசம் வந்தது. அமலா விரலால் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அவர் கேரியர் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூடிக்கொண்டிருந்தார். பார்த்தார்தான். சிரித்துக்கொண்டே மூடியை இறுக்கினார்.